இடது கன்னம் 450

ஒரு டாங்கியை ஆறு எண்களாகச் சுருக்குவதுதான் என் வேலை. முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், மேல்மூடி என்று நான்கு. பீரங்கி பொருத்திய தலைப்பகுதியை டரட் என்பார்கள். அதில் பீரங்கிக் குழலுக்கு இருபுறமும் சரிந்திறங்கும் பகுதிகள் கன்னங்கள். இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு ஒன்று. மொத்தம் ஆறு.

எங்கள் நிறுவனம் கோயம்புத்தூரில், முன்பு பம்ப் செட் தயாரித்த ஒரு கொட்டகையில் இருக்கிறது. நாங்கள் செய்யும் கணினிப் போர் விளையாட்டின் பெயர் 'களிறு'. அதில் உலகத்து டாங்கிகள் எல்லாம் ஆயிரத்து நூற்று நாற்பது வரிசைகளாக ஓர் அட்டவணையில் இருந்தன. அட்டவணைக்கு நான் காவல். இரும்பின் தடிமன், அது சாய்ந்திருக்கும் கோணம், உலோகத்தின் தரம் மூன்றையும் சேர்த்துப் பிசைந்தால் ஓர் எண் வரும். எதிரில் வருகிற குண்டுக்கும் ஓர் எண் உண்டு. குண்டின் எண் பெரிதானால் துளை. கவசத்தின் எண் பெரிதானால் 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒரே டாங்கியில் வகைகள் வரும்போதுதான் வேலை கூடும். 'செந்நாய்' என்ற மலைப்பகுதி டாங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகையின் டரட் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. பற்றவைத்த கோடுகளுக்காகப் பத்து குறைப்போம். இரண்டாம் வகை ஒரே வார்ப்பாக ஊற்றியது. கோடு இல்லை, ஆனால் வார்ப்பு கொஞ்சம் மென்மை என்பதால் இருபது குறைப்போம். எல்லாம் கழித்தபின் இரண்டாம் வகையின் கன்னங்களுக்கு நின்ற எண் 410. இடது கன்னத்தில், பீரங்கி சுடுபவரான கன்னரின் பார்வைக்குழாய்க்கு ஓர் ஓட்டை உண்டு. அதற்காக இன்னொரு முப்பது போனது. ஆக இடது 380, வலது 410.

விளையாடுகிறவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதப் பழகிய அதே வடிவம். ஒன்று, தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு, எண்ணை மாற்ற இயலும் அல்லது இயலாது. மூன்று, தொடர்ந்து எழுதவும். வந்த கடிதங்களை இரண்டு இழுப்பறைகளில் வைப்பேன். ஒன்றில் 'ஆதாரம் உள்ளவை' என்றும் மற்றதில் 'ஆதாரம் இல்லாதவை' என்றும் சீட்டு ஒட்டியிருக்கும்.

இருதயராஜின் கடிதங்கள் நான்கு பக்கத்துக்குக் குறையாது. நீல மை, சாய்வே இல்லாத கையெழுத்து. முகாமில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால் தபாலில் எழுதுவார். முடிவில் 'இப்படிக்கு, ம. இருதயராஜ், கன்னர், செந்நாய் எண் 31' என்று ராஜமுத்திரை குத்துவதுபோலக் கையொப்பம். முகாமின் பொழுதுபோக்கு அறையில் களிறு உண்டு. அதில் அவர் தன் சொந்த டாங்கியையே தேர்ந்தெடுத்து விளையாடுவார், இடது கன்னத்தில் அடிவாங்கித் தோற்பார், எனக்கு எழுதுவார்.

பதினோராவது கடிதத்துக்குப் பிறகு, விடுமுறையில் ஊருக்குப் போகிற வழியில் நேரிலேயே வந்துவிட்டார். குள்ளமான, கெட்டியான ஆள். வந்ததும் ஓர் அட்டைப்பெட்டியை என் மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, தூத்துக்குடி மக்ரூன். லஞ்சம்னு நெனச்சிராதீங்க."

"சரிங்க."

"லஞ்சந்தான்."

நான் சிரித்து முடிப்பதற்குள் எங்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு ஒரு டரட் கட்டிவிட்டார். என் குடை பீரங்கி. வலது நாற்காலி கமாண்டர். இடது நாற்காலியில் அவர். ஓட்டுநருக்கு மேசைக்கு அடியில் ஒரு முக்காலி.

"இது நானு. என் மூஞ்சிக்கு நேரா ஓட்டை. அதுக்காவ முப்பது கொறைச்சிருக்கீய, சரி. ஆனா ஓட்டைக்குப் பின்னால ஒரு இரும்புக் கட்டி இருக்கே, அதை எங்க சேத்தீய?"

"வரைபடத்துல அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"வரைபடத்துல நானுந்தான் இல்ல! நான் அங்கன உக்காந்திருக்கேன்லா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் வகை ஓட்டுதவனுவ என் வண்டிய ஓட்டைக் கன்னம்ங்கானுவ, அண்ணாச்சி. ஒரு மாசமா நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியல. அந்த வண்டி என்னைய வச்சிக் காப்பாத்துது. அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மக்ரூன் வாயில் கரைந்துகொண்டிருந்தது. 450 என்று மாற்றினேன். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஆதாரம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'கன்னர் நேரில் கூறியது' என்று ஒழுங்காகப் பதிந்தேன். இருதயராஜ் பீரங்கியைப் பிரித்து, குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறு வருடம் படையின் பயிற்சிப் பிரிவு எங்களைத் தேடி வந்தது. டாங்கிகளில் புதிதாகத் 'தோழன்' என்று ஒரு கணினி மூளை வைக்கிறார்கள். ஏவுகணை வருவது தெரிந்ததும் மனிதனைக் கேட்காமல் அதுவே டரட்டைத் திருப்பி, எந்தப் பகுதி மிகக் கெட்டியோ அதை எதிரே காட்ட வேண்டும். எது கெட்டி என்று அதற்குக் கற்றுத்தர நிஜக் குண்டுகளை வீணாக்க முடியாது. ஆகவே களிறில் ஆறு லட்சம் சண்டைகள் போட்டுப் பழகட்டும் என்று முடிவு செய்தார்கள். எங்கள் முதலாளி ஹரிபாஸ்கர், வயது இருபத்தொன்பது, அன்று சந்தோஷத்தில் கொட்டகையைச் சுற்றி ஓடாத குறை.

அட்டவணையை ஒப்படைக்கும்போது, எல்லா எண்களும் ஆவணத்தின்படியானவை என்று நான் கையெழுத்திட வேண்டும். ஆதாரக் கட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். வரைபடப்படி, வரைபடப்படி, வரைபடப்படி, கன்னர் நேரில் கூறியது.

ஆயிரத்து நூற்று நாற்பது வரிசைகளில் இது ஒன்று மட்டும் அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் 'வரைபடப்படி' என்று மாற்றிவிட்டுக் கையெழுத்திட்டேன். தெரிந்துதான் செய்தேன்.

அந்த வருடத்தில் மூன்று அஞ்சலட்டைகள் வந்திருந்தன. மூன்றிலும் ஒரே வரி: 'செந்நாய் இரண்டு, இடது கன்னம் அதிகம், சரிபார்க்கவும்.' பெயர் இல்லை, காரணம் இல்லை. மூன்றும் இரண்டாவது இழுப்பறைக்குப் போயின. நான்கு பக்கம் எழுதுகிறவரிடம் விஷயம் இருக்கும், ஒரு வரி எழுதுகிறவரிடம் என்ன இருக்கும் என்பது என் அப்போதைய முறை.

அஞ்சலட்டை நான்காவது முறை நேரில் வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், தோளில் தொங்கிய பையில் ஒரு கருவிப் பெட்டி. வேலை முடிந்து நேராகப் பேருந்து ஏறியிருக்க வேண்டும். புடவை மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங், கவசத்துக்கு எண்ணு போடற ஆளு நீங்களா?"

"ஆமாங்க. உக்காருங்க."

"நம்ம பேரு மரகதமணிங்க. அந்த டரட்டு ஊத்தற பவுண்டரில தடிமன் அளக்கறது நாந்தான். மூணு கார்டு போட்டனே, படிச்சீங்களா?"

"ஆதாரம் இல்லாம..."

"ஆதாரத்தை எழுதினா என்னைய உள்ள தூக்கி வெச்சிருவாங்கங்க. வாயைத் திறக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கறேன். மத்தியானச் சோத்து நேரத்துல நானும் இந்த களிறு வெளையாடறவதான். இடது கன்னம் நானூத்தியம்பதுன்னு பாத்துப்போட்டு முதல்ல சிரிச்சேன். சரி, வெளையாட்டுத்தானேன்னு கார்டு போட்டேன். இன்னிக்கு வண்டிக வழியனுப்பு விழா. மேடையில ஒருத்தர் சொல்றாரு, தோழன் படிச்சதே களிறுலதான்னு. அதுக்கப்பறம் நான் மாலைகூடப் பாக்கலீங்க. பஸ் ஏறிட்டேன்."

பேசிக்கொண்டே சுற்றும்முற்றும் பார்த்தார். பழைய தொழிற்சாலையின் நினைவாக நாங்கள் காகிதம் பறக்காமல் வைக்கும் ஒரு பம்பின் வெளி ஓடு என் மேசையில் இருந்தது. அதை இழுத்துத் தன் முன்னே வைத்தார்.

"டரட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலீங்க. இது பம்பு. இதைப் பத்திப் பேசினா யாரும் கேக்க மாட்டாங்க."

பெட்டியைத் திறந்து தடிமன் அளக்கும் கைக்கடக்கமான ஒரு கருவியை எடுத்தார். டப்பாவிலிருந்து விரல்நுனியில் கிரீஸ் தொட்டு ஓட்டின் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தார். கருவியின் முனையை ஒரு பொட்டில் அழுத்தினார், திரையில் 11.8 மில்லிமீட்டர் என்று வந்தது. மற்றப் பொட்டில் 9.1.

"ரெண்டு பக்கமும் பத்தரைன்னுதான் டிராயிங்ல இருக்கும். உள்ளுக்குக் குழிவு வேணுமில்லீங்களா, அதுக்கு மணல்ல கோர் பண்ணி அச்சுக்கு நடுவால வெப்போம். உருக்கின இரும்பு அதைச் சுத்தி ஓடும். ஓடற வேகத்துல கோரு துளி நகுந்துக்கும். ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெலுசு. எடை போட்டா சரியா நிக்கும்."

"எல்லா வார்ப்புலயும் ஒரே பக்கந்தான் நகருமா?"

"ஒரே அச்சு, ஒரே வாய் வழியா ஊத்தறோம். ஒரே பக்கந்தானுங்."

"எந்தப் பக்கம்?"

அவர் பம்பை மெதுவாகத் திருப்பி, 9.1 இருந்த பக்கம் இடப்புறம் வருமாறு வைத்தார். பிறகு சட்டையின் ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படின்னா ரிஜெக்ட் பண்ணியிருக்கலாமுங்களே?"

"எதுக்குங் பண்ணோணும்? கூடக்கொறைய இவ்வளவு இருக்கலாம்னு டிராயிங்லயே விட்டிருக்காங்க. அதுக்குள்ள வந்தாப் பாஸ். சாக்பீஸ்ல ஓகேன்னு எழுதினதும் நாந்தான். நான் எழுதினதுல பொய்யில்லீங்க." என்னை நேராகப் பார்த்தார். "உங்க எண்ணுல?"

நான் அட்டவணையைத் திறந்தேன். பழைய எண்ணான 380 ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தவறான காரணத்துக்காக ஏறக்குறைய சரியான எண்ணை வைத்திருந்திருக்கிறேன். ஒரு பெட்டி மக்ரூன் தின்று அதை மாற்றியிருக்கிறேன்.

"இப்ப தோழன் எந்தப் பக்கத்தைக் காட்டும்?" என்றார் மரகதமணி.

"இடது."

"உள்ள இருக்கறவங்க வேண்டாம்னு சொல்ல முடியாதுங்களா?"

"அரை நொடிங்க. கொட்டாவி விடக்கூட நேரம் இருக்காது."

"அறுபத்தி நாலு வண்டி. வெளிநாட்டு மலைக்கு, சமாதானம் பண்ணறதுக்காமா. பன்னெண்டு நாள்ல கப்பல் ஏத்தறாங்க."

ஒரு வண்டிக்கு மூன்று பேர் என்றால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர். அதில் நூற்றுத் தொண்ணூற்றொரு பேரை எனக்குத் தெரியாது.

"முப்பத்தொண்ணு போகுதுங்களா?" என்று கேட்டேன்.

"போகுது. யாரு, சொந்தமா?"

"கடிதம் எழுதுவாருங்க."

ஹரிபாஸ்கரிடம் சொன்னபோது அவர் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நாச்சிண்ணா, ஆயிரத்து நூத்தி நாப்பதுல ஒண்ணு. அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம மாத்திடலாமே?"

"விளையாட்டுல மாத்தலாங்க. தோழன்கிட்ட இருக்கறது முத்திரை போட்ட அட்டவணை. மாத்தோணும்னா காரணம் எழுதிக் குடுக்கோணும்."

"என்ன காரணம் எழுதுவீங்க?"

"பொய்யாக் கையெழுத்துப் போட்டேன்னு."

"வேலை போயிரும்ணா. உங்களுதும், எங்களுதும். யாரோ ஒரு அம்மா பம்பைத் திருப்பி வெச்சாங்கன்னு..."

"அவங்க வந்ததையே நான் எழுதப் போறதில்லீங்க. எழுதாட்டியும் எண்ணு தப்புத்தானே? அந்தக் கட்டியைப் பாத்தவங்க யாரும் நம்மகிட்ட இல்ல. ஒரே ஆளு சொன்னாரு. அந்த ஆளு உக்காந்திருக்கறதே அதுக்குப் பின்னாலதான்."

"தன் வண்டி மேல இருக்கற ஆசையில சொன்னாரா?"

"ஆமாங்க."

"இப்ப அவரு ஆசைப்பட்டபடியே அது அவரு மூஞ்சியத் திருப்பிக் காட்டும்." ஹரிபாஸ்கர் நெற்றியைத் தேய்த்தார். "எழுதுங்க. என்கிட்டக் காட்ட வேண்டாம். காட்டினா நான் நல்லா எழுதறேன்னு எதையாவது வெட்டிருவேன்."

எழுதினேன்.

1. செந்நாய் இரண்டாம் வகை, இடது கன்னம் 450 என்ற எண்ணுக்கு ஆவணம் இல்லை.
2. இருப்பதாகக் கையெழுத்திட்டவன் நான். நிறுவனத்தில் வேறு எவருக்கும் அப்போது இது தெரியாது.
3. டரட்டுகளின் தடிமன் அளவுத்தாள்கள், டாங்கிக்கு ஒன்றாக, தங்களிடம் இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.
4. கப்பல் ஏறுவதற்கு முன்.

மூன்றாம் நாள் பயிற்சிப் பிரிவிலிருந்து தொலைபேசி. மேஜர் சகுந்தலா, வேலூர்க்காரர், குரலில் இஸ்திரி போட்டிருந்தது.

"மிஸ்டர் நாச்சிமுத்து, மூணாவது பாயிண்ட். அளவுத்தாள் எங்ககிட்ட இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"வார்ப்புன்னா அளப்பாங்கங்க மேடம். எங்க ஊர்ல பம்புக்கே அளப்பாங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. அறுபத்து நான்கு தாள்களும் புரண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

"இனிமே உங்க கையெழுத்து எங்க ஃபைல்ல வரக்கூடாது. விசாரணைக்குக் கூப்பிட்டா வரணும். இன்னொண்ணு."

"சொல்லுங்க மேடம்."

"நாலாவது பாயிண்ட்டை முதல்ல எழுதியிருக்கலாம்."

அதன் பிறகு ஒன்பது நாட்கள் களிறு மூடிக் கிடந்தது. எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் தோழன் மறுபடி சண்டை போட்டது. இம்முறை செந்நாய் இரண்டாம் வகைக்கு ஒரு வரிசை இல்லை, அறுபத்து நான்கு வரிசைகள். ஒவ்வொரு டாங்கிக்கும் அதனதன் கன்னங்கள். அந்த எண்களை எங்களுக்குக் காட்டவில்லை. இரண்டு பேர் வந்து நின்று, பதிந்து, பூட்டிக்கொண்டு போனார்கள். விளையாடுகிறவர்களிடமிருந்து நானூறு புகார்கள் வந்தன. நானூறுக்கும் வரிசை எண் போட்டுப் பதில் எழுதினேன்.

ஒப்பந்தம் தப்பியது, நான் தப்பவில்லை. விசாரணையில் என்னை இரண்டு நாள் உட்காரவைத்தார்கள். அட்டவணை வேறொருவர் கைக்குப் போனது. கடிதங்கள் மட்டும் என்னிடம் மிஞ்சின. எல்லோரும் விளையாடும் களிறில் செந்நாய் இரண்டாம் வகையின் இரண்டு கன்னங்களுக்கும், ஓட்டைக்கான கழிவைக்கூட விட்டுவிட்டு, ஒரேபோல 410 என்று வைத்தார்கள். உண்மையான எண்கள் வெளியே தெரியக்கூடாது என்பது உத்தரவு.

கப்பல் போனது. ஆறாவது வாரம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி: மலைச்சாலையில் அமைதிப்படை வாகனங்கள்மீது ஏவுகணைத் தாக்குதல், இரண்டு டாங்கிகளுக்குச் சேதம், மேலும் விவரம் இல்லை. அன்று முதல் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலிலேயே ஏதாவது வேலை வைத்துக்கொண்டேன். மரகதமணி சனிக்கிழமைதோறும் கூப்பிடுவார்.

"லெட்டரு வந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"திட்டியாவது ஒண்ணு எழுதக்கூடாதா அந்த மனுசன்?"

ஒன்பதாவது வாரம் வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை, நீல மை, தடிமனான உறை. கொட்டகை வாசலில் நின்றபடியே பிரித்தேன்.

'அன்புள்ள அண்ணாச்சிக்கு, நலம், நலமறிய ஆவல். இங்கே பொழுதுபோக்கு அறையில் புது களிறு வந்தது. இடது கன்னத்தை 410 ஆக்கிவிட்டீர்கள். இது துரோகம். மக்ரூனைத் திருப்பித் தரவும்.

சென்ற மாதம் எங்கள்மேல் ஓர் ஏவுகணை வந்தது. தோழனுக்கு என்ன புத்தி கெட்டதோ, என் பக்கத்தைக் காட்டாமல் வலது கன்னத்தைக் கொண்டுபோய் நீட்டிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த இடம் என் கண்ணிலிருந்து போய்விட்டது. கோபத்தில் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. காதில் இரண்டு நாள் சங்கு ஊதியது. டிரைவர் கிருபாகரனுக்கு ஒரு பல் ஆடுகிறது. வேறொன்றுமில்லை. வெளியே வந்து பார்த்தால் வலது கன்னத்தில் ஒரு குழி. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் வழிந்துவிடும், அவ்வளவுதான் ஆழம்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். வெறும் வலதே இப்படித் தாங்குகிறது என்றால், கட்டி வைத்த என் இடது எவ்வளவு தாங்கும்? 450 என்று அன்று நான் கேட்டதே தவறு. 500 போடவும். முதல் வகைக்காரர்கள் இங்கேயும் வந்திருக்கிறார்கள். மீதியை இரண்டாம் பக்கம் முதல் விவரமாக எழுதியுள்ளேன்.'

மீதி மூன்று பக்கத்தையும் அங்கேயே நின்று படித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. பிறகு மரகதமணியைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஐநூறாமா?" என்றார். அப்புறம் வெகுநேரம் சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றுபோய், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வெச்சர்றேனுங்க" என்றார்.

கடிதத்தை முதல் இழுப்பறையில் வைத்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

1. தங்கள் கடிதம் கிடைத்தது.
2. இடது கன்னத்துக்கு ஆவணம் இல்லாததால் எண்ணை மாற்ற இயலாது.
3. தொடர்ந்து எழுதவும்.

மூன்றாவது வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். அலுவலகக் கடிதத்தில் அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை. இன்னொரு கோடும் போட்டு உறையை ஒட்டினேன்.